மொய் வாங்கப்படமாட்டாது

வாங்க தம்பி, வாங்க. வெயில்ல ஏன் நிக்கிறீங்க? இந்த வீடுதான், சரியாத்தான் வந்திருக்கீங்க. கையில அழைப்பிதழ்க் கட்டைப் பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டேன், மொய் விருந்துக்குச் சொல்ல வந்திருக்கீங்கன்னு. ஆடி பொறந்து எட்டு நாளாச்சு, இன்னும் ஒரு பய இந்தக் கேட்டைத் தெறக்கலையேன்னு காலையிலதான் நெனச்சேன். இந்த வருஷம்னு இல்ல, நாலு ஆடியா இப்படித்தான். நீங்கதான் மொத ஆளு.

குடுங்க பாப்போம். என்னது, அம்மாகிட்டதான் குடுக்கணுமா? ஓ, சரி சரி. நல்ல வளர்ப்பு. வீட்டுப் பொம்பளை கையில குடுக்கிறதுதான் மரியாதைன்னு சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. அவ பூ எடுக்கப் போயிருக்கா. பத்து, பத்தரைக்கெல்லாம் வந்துருவா. அதுவரைக்கும் இந்த நாற்காலியில உக்காருங்க. மோர் தரலாம், ஆனா அவ அதை எங்க வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. தண்ணி குடிங்க.

உங்களுக்கு வடக்கத்திக் கிராமமா? அப்ப என்னையப் பத்திக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. வீரபத்திரன். முப்பத்தோரு வருஷம் இந்த ஊரு ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியார். வெறும் வாத்தியார்னு நெனச்சிராதீங்க. காசைப் பத்தி, சேமிப்பைப் பத்தி, கடனைப் பத்தி இங்கிலீஷ்காரன் என்னென்ன பழமொழி சொல்லி வச்சிருக்கானோ அத்தனையும் தேடித் தேடி எடுத்து, நாப்பதா வரிசைப்படுத்தி, நம்பர் போட்டு வச்சிருக்கேன். ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும் சேமிப்பு. பதினேழுலேருந்து முப்பது வரைக்கும் கடன். பாக்கிப் பத்தும் பொதுவாக் காசு. தினம் காலையில ஒண்ணு, ஸ்கூல் வாசல்ல கரும்பலகையில எழுதிப் போடுவேன். என் கையெழுத்தைப் பாக்கவே ஆளுங்க சைக்கிளை நிறுத்துவாங்க தம்பி, பொய் சொல்லலை.

ஒண்ணு சொல்லவா? வேணாம், சொல்ல மாட்டேன். வாயால சொல்றதில்லைன்னு முடிவு பண்ணி நாலு வருஷம் ஆச்சு. நான் பண்ணின முடிவு இல்ல, என் மக பண்ணின முடிவு. "அப்பா, இனிமே அந்த நாப்பதுல ஒண்ணு உங்க வாயிலேருந்து வந்துச்சுன்னா நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"ன்னு போன்ல சொல்லிட்டா. அதனால நம்பர் மட்டும் சொல்லுவேன். நம்பர் சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லலை.

என்ன குத்தம் பண்ணிட்டேன்னு கேளுங்க. நீங்க வெளியூரு, ஒரு பக்கமாப் பேச மாட்டீங்க. நீங்களே சொல்லுங்க.

மொய்யைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க விருந்து போட்டு எனக்குச் சொல்றீங்க. நான் வந்து கெடாக்கறி தின்னுட்டு ஐநூறு எழுதுறேன். அடுத்தது என் வீட்டு விருந்து வந்தா நீங்க ஆயிரமா எழுதணும். அப்புறம் நான் அதுக்கு மேல போட்டு எழுதணும். நோட்டுல பேரு இருக்கும், தொகை இருக்கும். திருப்பி எழுதலைன்னா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவான். இதுக்குப் பேரு என்ன? உறவும்பீங்க, செய்முறைம்பீங்க. நான் சொல்றேன், கடன். கறிக்கொழம்பு ஊத்திக் குடுத்தாலும் கடன் கடன்தான். பதினேழாம் நம்பர் இதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். கடன் குடுக்கிறவனும் ஆகாதே, வாங்குறவனும் ஆகாதேன்னு... இல்ல, சொல்லலை. நான் ஒண்ணும் சொல்லலை.

அதனால வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ஒருத்தன் விருந்துலயும் நான் மொய் எழுதினது கெடையாது. ஆனா சொன்ன எடத்துக்கெல்லாம் போவேன். போய் வெறுங்கையை வீசிக்கிட்டா வருவேன்? ஒரு அட்டை. கெட்டி வெள்ளை அட்டை. அதுல அந்த வீட்டுக்குன்னு ஒரு பழமொழியத் தேர்ந்தெடுத்து, தலைப்பெழுத்து மட்டும் சிவப்பு மை, மத்ததெல்லாம் நீல மை, ஓரத்துல கொடி வரைஞ்சு, ராத்திரி பூரா உக்காந்து எழுதுவேன். காசு செலவழிஞ்சுரும், இது செலவழியுமா?

போனதும் வள்ளிக்கண்ணு, அதான் என் வீட்டுக்காரி, "நீங்க போயி பந்தியில உக்காருங்க, அட்டையை நான் குடுத்துட்டு வர்றேன்"பா. எனக்கும் கூட்டத்துல முண்டுறது பிடிக்காது. கவரோட அவகிட்டக் குடுத்துட்டுப் போயி உக்காந்துருவேன். முப்பது வருஷமா இதே பழக்கம்.

அந்த மரியாதையை நீங்க பாத்திருக்கணும் தம்பி! எனக்குன்னு நெஞ்செலும்பு தனியா எடுத்து வச்சிருப்பான். வீட்டுக்காரன் எலைகிட்ட வந்து குனிஞ்சு, "சார், நீங்க செஞ்சதை எங்க குடும்பம் மறக்காது"ம்பான். நாலாங்கிளாஸ் தாண்டாதவன், இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாதவன், ஒரு அட்டைக்கு இப்படி உருகுறானேன்னு நெனச்சுக்கிட்டே இன்னொரு எலும்பை எடுத்துக்குவேன். இந்த ஊருக்குள்ளயும் அறிவுக்கு மதிப்பு இருக்குன்னு வள்ளிக்கண்ணுகிட்ட வர்ற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வருவேன். அவ பின்னாடி நடந்து வருவா.

அவகிட்ட எனக்கு இருந்த ஒரே வருத்தம், சேமிக்கத் தெரியாதவ. அவ அப்பா சீதனமாக் குடுத்த ஒரு மா நெலம், பூந்தோட்டம், அவ பேருல இருந்துச்சு. மல்லி, முல்லை, கொஞ்சம் சம்பங்கி. விடியக்காலையில எந்திரிச்சுப் பூவைப் பறிச்சு கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு அனுப்பிருவா. ரெண்டு மாடும் இருந்துச்சு. எம்புட்டு வந்துச்சுன்னு நான் கேட்டதில்லை, அது அவ காசு, நான் அந்த மாதிரி ஆளு இல்ல. ஆனா கையில என்ன வச்சிருக்கேன்னு கேட்பேன். "ஒண்ணும் இல்லீங்க"ம்பா. மாசாமாசம் கேட்பேன், மாசாமாசம் ஒண்ணும் இல்லம்பா. சாயந்தரம் அவ பூக் கட்டுறப்ப எதுத்தாப்புல உக்காந்து ஒண்ணுலேருந்து பதினாறு வரைக்கும் சொல்லி, தமிழ்ல அர்த்தமும் சொல்லுவேன். வாத்தியார் பொண்டாட்டி ஓட்டைக் கையா இருந்தா ஊரு என்ன சொல்லும்? கேட்டுக்கிட்டே கட்டுவா. சிரிப்பா சில நேரம். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

என் காசு அப்படி இல்ல தம்பி. தபாலாபீஸ்ல மாசம் பொறந்தா மொத வேலை அதுதான்.

இப்ப கல்யாணத்துக்கு வர்றேன். ஒரே மக, பிரமிளா. நாலு வருஷத்துக்கு முந்தி ஆவணி மாசம். மண்டபச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்னுது. பத்துப் பவுனு நான் போடுறேன்னு சொன்னேன். மாப்பிள்ளை வீடு இருபத்தஞ்சு கேட்டுச்சு. முடியாது, சம்பந்தமே வேணாம்னேன். வள்ளிக்கண்ணுதான், "பிள்ளை ஆசைப்படுது, பாக்கிப் பதினஞ்சை நான் பாத்துக்கிறேன்"னா. எப்படிடீன்னேன். "பாத்துக்கிறேன்"னா. சரி, அண்ணன் தம்பி செய்வான் போலிருக்குன்னு விட்டுட்டேன். பேராவூரணியில அவளுக்குத் தெரிஞ்ச நகைக்கடையில, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பணம்னு பேசி, வாய்ச்சொல்லுல பதினஞ்சு பவுனை வாங்கிட்டு வந்திருக்கா. கடனா! என் வீட்டுக்குள்ள! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா? அதைக் கேளுங்க மொதல்ல.

கல்யாணத்தன்னைக்கு ஒரு காரியம் செஞ்சேன். என் ஆயுசுலயே பெரிய காரியம்னு நெனச்சுச் செஞ்சேன். ஆறடி பலகை ஒண்ணு, நானே வெள்ளையடிச்சு, நானே எழுதி, மண்டப வாசல்ல கொண்டுபோய் வச்சேன். "மொய் வாங்கப்படமாட்டாது. வாழ்த்து போதும்." கீழே இங்கிலீஷ்ல பதினேழாம் நம்பர் பழமொழி. வீட்டுல யாருக்கும் சொல்லலை. சொன்னா இழுப்பாங்க, அழுவாங்க.

மச்சினன் அடைக்கலம், அதான் வள்ளிக்கண்ணு தம்பி, வாசல்ல ரெண்டு மேசை போட்டு, நோட்டு பேனா வச்சு, எழுதுறதுக்கு ரெண்டு ஆளையும் உக்கார வச்சிருந்தான். மேசையை மடக்குடான்னேன். "அத்தான், அக்கா சொல்லித்தான் போட்டேன்"னான். "இந்த வீட்டு ஆம்பளை நான் சொல்றேன், மடக்கு"ன்னேன். "அத்தான், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்"னான். எனக்கா ஒண்ணும் தெரியாது? அவன் ஒன்பதாவதுல ரெண்டு தரம் பெயிலு, நானே போட்ட மார்க்கு. மேசையை நானே மடக்கினேன். அவன் மேடைக்கு ஓடினான். அங்க தாலி கட்டுற நேரம், கெட்டிமேளம், அவ புள்ளைக்குப் பின்னாடி நிக்கிறா, கூட்டத்தைத் தாண்டிக் கிட்டவே போக முடியலை. தாலி கட்டினதும் பால் பழம், கால் கழுவுறது, மாலை மாத்துறதுன்னு அவளை விடலை.

அதுக்குள்ள ஜனம் சாப்பிட்டுட்டு வெளிய வர ஆரம்பிச்சிருச்சு. நான் பலகைக்குப் பக்கத்துல கையைக் கூப்பிக்கிட்டு நின்னேன். ஒவ்வொருத்தனும் சட்டைப் பையிலேருந்து நோட்டை எடுத்துக்கிட்டு வர்றான். "வேணாம், உங்க மனசு போதும்"ங்கிறேன். வைத்தியலிங்கம்னு ஒரு பெரியவரு, தேங்காய் வியாபாரம், கையில பத்தாயிரத்தை வச்சிக்கிட்டு நகர மாட்டேங்கிறாரு. "சார், இது உங்க வீட்டுக்குச் சேர வேண்டியது. நான் எடுத்துக்கிட்டுப் போனா நல்லா இருக்காது"ங்கிறாரு. "ஐயா, எடுத்துக்கிட்டுப் போங்க"ங்கிறேன். "அப்ப நமக்குள்ள முடிஞ்சுதா சார்?"ன்னாரு. "முடிஞ்சுது ஐயா, சந்தோஷமாப் போயிட்டு வாங்க"ன்னேன். அது நல்லா இருந்துச்சு எனக்கு. அடுத்து வந்தவன்கிட்டயும் அதையே சொன்னேன். முடிஞ்சுது, சந்தோஷமாப் போங்க. முடிஞ்சுது, சந்தோஷமாப் போங்க. ஒன்றரை மணி நேரம், முன்னூறு பேருக்கு மேல. பாதிப் பேரு நெஜமாவே சந்தோஷமாத்தான் போனான். பாதிப் பேரு மூஞ்சி செத்துப்போச்சு. நம்ம காசு இவருக்கு ஆகலையேன்னு ரெண்டு பேரு சாப்பிடாமயே போயிட்டான்னு பின்னாடி சொன்னாங்க. அறிவு இல்லாத ஜனம்.

மத்தியானம் வள்ளிக்கண்ணு வெளிய வந்தா. பட்டுச்சேலை, நெத்தியெல்லாம் வேர்வை. "மேசை எங்க?"ன்னா. நான் பலகையைக் காட்டினேன். படிச்சா. ரெண்டாந்தரமும் படிச்சா. "எல்லார்கிட்டயுமா சொன்னீங்க?"ன்னா. எல்லார்கிட்டயும்தான்னேன், கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். பந்தி முடிஞ்சு கழுவிக் கவுத்தி வச்சிருந்த சோத்துக்குண்டான் பக்கத்துல போயி உக்காந்துட்டா. அழுதாளான்னு கேக்குறீங்களா? அழலை. அழுதிருந்தா நான் சமாதானம் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையிலதான் அடைக்கலம் நாலு நோட்டைக் கொண்டாந்து என் முன்னாடி போட்டான். எரநூறு பக்க நோட்டு நாலு. நான் ஸ்கூல்லேருந்து கொண்டாந்து குடுத்த நோட்டு! பால் கணக்கு எழுதணும்னு வள்ளிக்கண்ணு வாங்கினா. தெறந்து பாத்தா, எந்த ஊரு, யாரு வீட்டு விருந்து, எம்புட்டு. நூறு, எரநூறு, ஐநூறு, ஆயிரம். முப்பது வருஷம். எல்லாம் என் பேருல. "வீரபத்திரன் ஆசிரியர்" அப்படின்னு ஒவ்வொரு வீட்டு மொய் நோட்டுலயும் என் பேருலதான் எழுதியிருக்கா. என் அட்டைக் கவருக்குள்ளயே பணத்தையும் வச்சுக் குடுத்திருக்கா தம்பி. சார்கிட்ட யாரும் சொல்லிராதீங்கன்னு வேற சொல்லி வச்சிருக்கா. மொத்தம் ஒன்பது லட்சத்து நாப்பதாயிரம். திருப்பி வந்தா ஒண்ணு ஒண்ணரையா வந்திருக்கும்.

ரெண்டு எடத்துல கூட்டல் தப்பா இருந்துச்சு. சிவப்பு மையில திருத்திக் குடுத்தேன்.

அடைக்கலம் அதுக்கே குதிச்சான். "அத்தான், இது கூட்டல் பாக்குற நேரமா? முன்னூறு பேர்கிட்ட உங்க வாயால முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கீங்க. இனிமே எவன் குடுப்பான்? எந்த மொகத்தை வச்சிக்கிட்டுக் கேக்குறது?"ன்னு. நான் கேக்குறேன், ஏமாத்தப்பட்டது யாரு? முப்பது வருஷமா நான் மொய் எழுதாதவன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஊரே உள்ளுக்குள்ள சிரிச்சிருக்கும். நெஞ்செலும்பு எடுத்து வச்சவன் எல்லாம் அவ காசுக்கு எடுத்து வச்சிருக்கான். என் அட்டையை என்ன பண்ணியிருப்பான்? அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கலை தம்பி. அதைப் பத்தி யாராவது ஒருத்தர் என்கிட்ட வருத்தப்பட்டுப் பேசினாங்களா? என் மக கூடப் பேசலை.

நகைக்கடைக்காரரு மூணாம் நாள் வந்தாரு. அஞ்சரை லட்சம். மரியாதையாத்தான் பேசினாரு. வள்ளிக்கண்ணு தோட்டத்தை ஒத்திக்கு விட்டா, மாட்டை வித்தா, கழுத்துல கெடந்ததைக் கழட்டினா. அப்பவும் பத்தாம அடைக்கலம் கொஞ்சம் போட்டான். அடைச்சாச்சு.

என்ன கேக்குறீங்க, தபாலாபீஸ் பணமா? இருக்கு, ஏன் இல்லாம? ஆறு லட்சத்துச் சொச்சம் இருக்கு. வட்டியோட இப்ப இன்னும் கூடியிருக்கும். அதை எப்படித் தம்பி எடுக்கிறது? அது சேமிப்பு. ஆறாம் நம்பர் என்ன சொல்லுதுன்னா... சரி, விடுங்க. யாரு வாங்கின கடனோ அவங்கதான் அடைக்கணும். அது நியாயமா இல்லையா? நீங்க ஏன் கீழ பாக்குறீங்க?

அன்னையிலேருந்து பேச்சு கெடையாது. "எல்லார்கிட்டயுமா சொன்னீங்க?" அதுதான் கடைசி. சமைச்சு வைப்பா, தட்டு வைப்பா, என் வேட்டியைத் தொவைச்சு மடிச்சு வைப்பா. ஒரு கொறையும் சொல்ல முடியாது. வாயைத் தெறக்க மாட்டா. விடிஞ்சதும் பூ எடுக்கக் கெளம்பிருவா. எங்க போறாங்கிறீங்க? அதே தோட்டத்துக்குத்தான். ஒத்திக்கு வாங்கினவன் கிலோவுக்கு இம்புட்டுன்னு கூலி போட்டு ஆள் விட்டிருக்கான், அந்த ஆள்ல இவளும் ஒருத்தி. அவ வச்ச செடி, அவளே கூலிக்குப் பறிக்கிறா. வாத்தியார் பொண்டாட்டி கூலிக்குப் போறாளேன்னு என்னையத்தான் பாக்குறான் ஊருல. வேணும்னே பண்றா.

ஊரும் ஒதுக்கிருச்சு. நாலு ஆடியில ஒருத்தன் வந்து, சார் விருந்துக்கு வாங்கன்னு சொல்லலை. ஆடி, ஆவணியில காத்து திரும்பினா கறிக்கொழம்பு வாசம் இங்க வரைக்கும் வரும். நான் கறிக்கு அலையுறவன் இல்ல. ஆனா ஒரு மனுஷன் வீட்டு வாசல்ல ஒரு அழைப்பிதழ் வரலைன்னா, அவன் ஊருல இல்லைன்னுதானே அர்த்தம்? இன்னைக்கு நீங்க வந்து நின்னீங்க பாருங்க, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அழுகை வந்துருச்சு.

இந்தா, வந்துட்டா. வா வள்ளிக்கண்ணு, யாரு வந்திருக்காங்க பாரு. மொய் விருந்துக்குச் சொல்ல வந்திருக்காங்க. நம்மளை மறக்காம வந்திருக்காங்க.

எந்திரிக்கிறீங்க, நல்லது, நல்லது. குடுங்க அவ கையில. இங்க காட்டு, நான் படிக்கிறேன். கண்ணாடி இருக்கு. "திருமதி வள்ளிக்கண்ணு அவர்களுக்கு." சரி. அடுத்த வரி எங்க? தம்பி, இதுல ஒரு தப்பு இருக்கு. வீட்டுக்காரர் பேரு விட்டுப்போச்சு. பரவாயில்லை, அவசரத்துல எழுதியிருப்பீங்க. என்ன? தப்பு இல்லையா?

உங்க அக்கா வீட்டு விருந்துல அம்மா ஐநூறு எழுதினாங்களா? எப்ப? போன ஆடியிலயா?

வள்ளிக்கண்ணு, நீ விருந்துக்குப் போனியா? எத்தனை விருந்துக்குப் போனே? யாரு உனக்குச் சொன்னா? ஏன் என்னையக் கூப்பிடலை? பாருங்க தம்பி. மடியிலேருந்து என்ன எடுக்கிறா? நோட்டா? புது நோட்டு. அறுபது வயசுல புது நோட்டு. உங்க பேரை எழுதிக்கிறா. எழுதட்டும், எழுதட்டும்.

தம்பி, ஒரு நிமிஷம் இருங்க. அந்த அழைப்பிதழை இங்க வாங்கிக் குடுங்க. அவ பேருக்கு மேல எடம் இருக்கு. என்கிட்டப் பேனா இருக்கு, ரெண்டு மையும் இருக்கு. என் பேரை நானே சேத்து எழுதிர்றேன், உங்க கையெழுத்தை விட நல்லா இருக்கும். குடு வள்ளிக்கண்ணு. குடுன்னா குடு.

என்ன சொன்னா, கேட்டீங்களா?

"என் பேரு மட்டும் இருக்கட்டும் தம்பி. அப்பத்தான் திருப்பி வாங்க முடியும்."

பாத்தீங்களா? நாலு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் என் முன்னாடி வாயைத் தெறந்திருக்கா. அதுவும் உங்ககிட்ட.

கெளம்புறீங்களா? மோர் குடிச்சிட்டுப் போகலாம், இப்ப அவ வந்துட்டா, எடுத்துக் குடுப்பா. வேணாமா, சரி. கேட்டைச் சாத்திட்டுப் போங்க, ஆடு வந்துரும். விருந்து எத்தனாம் தேதின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி. ஒண்ணும் இல்ல, சும்மா கேக்குறேன். அன்னைக்கு எனக்கு வேலை எதுவும் இல்ல.